டிக்கெட் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை

மார்ச் 2, சனி

புது நாடகம் இன்று தொடங்கியது. கொரிய நாடகம், பதினாறு பகுதி, சனிக்கு ஒன்று ஞாயிறுக்கு ஒன்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் இங்கே என் வீட்டில், சின்னு அங்கே அவள் வீட்டில். போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இரண்டு பேரும் ஒரே நொடியில் அழுத்த வேண்டும். அவள் கல்யாணமாகிப் போன நாலு வருடமாக இதுதான் எங்கள் வழக்கம். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் தங்கையோடு சேர்ந்து உட்கார எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நாயகி படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள். அவள் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதனால் டிக்கெட். அவளைச் சுற்றி இரண்டு பேர். ஒருவன் டாக்டர், இன்னொருவன் படகில் இன்ஜின் பார்ப்பவன். முதல் பகுதியிலேயே மழை, ஒரே குடை, கையைப் பிடித்து ஒரு இழுப்பு. இந்த நாடகங்களில் ஆண்களுக்கு வாய் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை, "கொஞ்சம் நில்லு" என்று சொன்னால் அவள் நிற்க மாட்டாளா? இதைச் சொன்னதும் சின்னு சிரித்தாள். சத்தமில்லாமல் சிரித்தாள். "ஏன்டி குசுகுசுன்னு பேசறே?" என்றேன். "அவருக்குச் சத்தம் பிடிக்காதுக்கா. இயர்போன் போட்டுருக்கேன்."

ஞாயிறு, திங்கள் எல்லாம் இனி குழுவில் ஒரே சண்டையாக இருக்கும். ஆசிய நாடகம் பார்க்கும் நாலாயிரம் பேர் இருக்கிற குழு. அங்கே திரையில் இருப்பவர்களுக்கு மட்டுமில்லை, எங்களுக்கும் பட்டப்பெயர்தான். நான் கத்தரிக்கோல். வேலையும் அதுதானே. ஏற்றுமதிக்குப் போகிற சட்டைகளை மேசையில் விரித்து, நூல் பிரிந்திருக்கிறதா, தையல் தாண்டியிருக்கிறதா என்று காலையிலிருந்து குறை பார்ப்பவள் நான். சின்னுவையும் நான்தான் குழுவில் சேர்த்துவிட்டேன். அவளுக்கு நான் வைத்த பெயர் கடைசி பெஞ்சு. வாயே திறக்க மாட்டாள், என் விமர்சனத்துக்கு மட்டும் தவறாமல் ஒரு இதயம் போடுவாள்.

மார்ச் 3, ஞாயிறு

இரண்டாம் பகுதியிலேயே டாக்டருக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள். அறிவு கெட்டவள்.

மார்ச் 5, செவ்வாய்

டாக்டர் நல்லவனா கெட்டவனா என்று குழுவில் பட்டிமன்றம். அவன் அவளுக்கு உடை வாங்கி வந்து "இனிமேல் இந்த நிறம்தான் போடணும்" என்றானே, அதற்குப் பாதிப் பேர் உருகி வழிகிறார்கள். நான் எழுதினேன்: "சட்டையின் காலர் எவ்வளவு விறைப்பாக நிற்கிறதோ அவ்வளவு தூரம் உள்ளே மட்டமான துணி இருக்கும். எங்கள் தொழிலில் இதுதான் பாடம்." நூற்றுப்பத்து இதயம். கடைசி பெஞ்சின் இதயம் முதலில்.

மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி உண்டு, குழுவில் மாத்திரை என்று பெயர். எந்தப் பாத்திரத்தைத் திட்டினாலும் "பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ" என்று வந்துவிடுவாள். இன்றைக்கும் வந்தாள். மாமியார் மருமகள் முகத்தில் தண்ணீர் ஊற்றினால் மாமியாருக்கும் ஒரு பாவம், மருமகளுக்கும் ஒரு பாவம். இப்படி இருந்தால் நாடகம் எதற்குப் பார்க்க வேண்டும்?

மார்ச் 10, ஞாயிறு

இன்று சின்னுவோடு சண்டை.

நாலாம் பகுதி. டாக்டர் தினமும் சாயங்காலம் டிக்கெட்டின் போனைக் கையை நீட்டிக் கேட்கிறான். அவளும் கொடுக்கிறாள். படகுத்துறை வேலையை விடச் சொல்கிறான். அவளும் விடுகிறாள். நான் கொதித்துக்கொண்டிருக்கிறேன், சின்னு நிதானமாகச் சொல்கிறாள்: "அவன் பாசத்துலதான்க்கா செய்யறான். சில பேருக்கு அப்படித்தான் காட்டத் தெரியும்."

"பாசமா? போனைப் பிடுங்கிப் பார்க்கறது பாசமா? உனக்கு மூளை இருக்கா?"

"உனக்கு எல்லாத்துலயும் குத்தம்தான். ஒருத்தர்கிட்ட நல்லது இருந்தாலும் உன் கண்ணுல படாது."

அப்புறம் இருவரும் பேசாமல் பார்த்தோம். முடிந்ததும் அவளே "கோவமாக்கா?" என்றாள். இல்லை என்றேன். இருந்தது. அம்மா போனபோது அவளுக்குப் பதினாறு வயது. அவளுக்குத் தலை வாரி, படிக்க வைத்து, வரன் பார்த்து, நாலு இடத்தில் விசாரித்துக் கட்டிக்கொடுத்தவள் நான். எனக்கு நல்லது கண்ணில் படாதாம். மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது இதே கண்தான்.

மார்ச் 13, புதன்

வருகிற ஞாயிறு சின்னு இங்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லையாம். மாப்பிள்ளைக்கு வங்கியில் ஏதோ கணக்கு முடிக்கிற வேலை, தனியாக அனுப்ப அவருக்கு மனசு வரவில்லையாம். இது மூன்றாவது தடவை. புருஷன் வந்ததும் அக்கா இரண்டாம் பட்சம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

ஆறாம் பகுதி. இன்று டாக்டர் அவளை மாடிப்படியில் தள்ளிவிட்டான். மறுநாள் பூங்கொத்து. அவள் கை கட்டோடு அவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள், பின்னணியில் பியானோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னு பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "ஏய்" என்றேன். கடைசியில் கேட்டாள்.

"அக்கா, அவ ஏன் போக மாட்டேங்கறா?"

"ஏன்னா அவ முட்டாள்."

"போறதுக்கு இடம் இல்லையோ என்னவோ."

"ஏன் இல்ல? அவ அக்கா இருக்காளே! சலூன் வெச்சிருக்கா, சொந்தக் கால்ல நிக்கறா. அரை மணி நேரத்துல போயிடலாம்."

"அக்கா என்ன கேப்பா?"

"என்ன கேப்பா? ஏன்டி இத்தனை நாள் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்னு கேப்பா. நானா இருந்தா முதல் கேள்வியே அதுதான். அதுக்கு அவகிட்ட பதில் இருக்கா?"

"ம்" என்றாள். பிறகு குக்கர் விசில் வருகிறது என்று வைத்துவிட்டாள். எனக்கு எந்த விசிலும் கேட்கவில்லை, ஆனால் இயர்போனில் சில சமயம் கேட்காது.

மார்ச் 18, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் எழுதிப் போட்டேன். இதுவரை எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்று குழுவே சொல்கிறது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"டிக்கெட்டுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். கை கால் இருக்கிறது, வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் அக்கா வீடு இருக்கிறது. இவ்வளவும் இருந்து அடி வாங்கிக்கொண்டு அவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள் என்றால், அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். முதுகெலும்பு இல்லாத பெண்ணை நாயகி ஆக்கிவிட்டு நம்மை அழச் சொல்கிறார்கள்."

முந்நூற்று நாற்பது இதயம். எப்போதும் இரண்டாம் நாயகனுக்காகவே அழும் ஒருத்தி இருக்கிறாள், அவள்கூட கைதட்டினாள். மாத்திரை மட்டும் எழுதினாள்: "கத்தரி, அவள் போவாள். போக முடிகிற அன்றைக்குப் போவாள். அதுவரை அவளை யாரும் முட்டாள் என்று சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி."

நான் விடுவேனா? "மாத்திரை அக்கா, அப்படியே டாக்டருக்கும் ரெண்டு மாத்திரை எழுதிக் கொடுங்க. பாவம், அடிச்சு அடிச்சு கை வலிக்கும்." குழு விழுந்து விழுந்து சிரித்தது.

சின்னு வழக்கம்போல என் விமர்சனத்துக்கு ஒரு இதயம் போட்டிருந்தாள். சாயங்காலம்தான் பார்த்தேன். இந்தத் தடவை முந்நூறுக்கு அப்புறம்.

மார்ச் 20, புதன்

ஒரே நாளில் அறுபது சட்டை திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும்.

மார்ச் 23, சனி

ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஐந்தரைக்கு "தலைவலி. நீ பாருக்கா" என்று செய்தி. தனியாகப் பார்த்தேன். ஏழாம் பகுதி ஒன்றும் பிரமாதமில்லை. அல்லது தனியாகப் பார்த்தால் எதுவுமே பிரமாதமாக இருப்பதில்லை.

மார்ச் 24, ஞாயிறு

இன்றும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "அவ தூங்கறாக்கா. நேத்துலேர்ந்து உடம்பு முடியல. நான்தான் சமைக்கிறேன்" என்றார். எவ்வளவு பணிவு, எவ்வளவு இதம். வைத்த பிறகு, இப்படி ஒருத்தர் கிடைத்தாரே அவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

கடைசி பெஞ்சு குழுவிலிருந்து வெளியேறினார்.

வேலை நடுவில் பார்த்தேன். கேட்டதற்கு "போன்ல இடமில்லக்கா" என்றாள். நான் டிக்கெட்டைத் திட்டியது பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு நாடகப் பாத்திரத்துக்காகக் கூடப்பிறந்தவளிடம் முகம் தூக்குவார்களா? நானும் கூப்பிடப் போவதில்லை. யார் முதலில் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம்.

மார்ச் 31, ஞாயிறு

பத்தாம் பகுதி. டிக்கெட் வீட்டை விட்டு வந்துவிட்டாள்! விடியற்காலை, பனிமூட்டம், முதல் படகு, கையில் ஒரு சின்னப் பெட்டி. படகுக்காரன் கரையில் ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றை அவிழ்க்கிறான். குழு முழுக்க அழுகை. நான் "அப்பாடா" என்று ஒரே ஒரு சொல் போட்டேன், அதற்கே இருநூறு.

வீம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்னுவுக்கு எழுதினேன்: "உன் டிக்கெட் கிளம்பிட்டாடி! பார்த்தியா?" படித்துவிட்டாள். பதில் இல்லை.

ஏப்ரல் 3, புதன்



பதினொரு மணிக்கு மேசையில் இருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார். "அவ அங்க வந்துருக்காளா?" எந்த அவள்? "உங்க தங்கச்சிதான், வேற யாரு?" திங்கட்கிழமை காலை காய்கறி வாங்கப் போனவள் வரவில்லையாம். திங்கட்கிழமை! இன்று புதன்! ரெண்டு நாளா ஏன் சொல்லலை என்று கத்தினேன். அதற்குள் அவர் குரல் மாறிவிட்டது. இதம் எல்லாம் போய், எனக்குத் தெரியாத ஒரு ஆள் பேசினான். "நாடகம் நாடகம்னு அவளைக் கெடுத்தது நீங்கதான். வந்தான்னா ஒழுங்கா கொண்டுவந்து விடுங்க. இல்லேன்னா நானே வந்து இழுத்துட்டுப் போவேன்."

இழுத்துட்டுப் போவேன். இழுத்துட்டு —

அவன் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். பழகிய வார்த்தை மாதிரி சொன்னான்.

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கே போவாள்? இங்கேதான் வருவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பஸ் மாறி மாறி வந்துகொண்டிருப்பாள். சாதம் வடித்து வைத்தேன். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 4, வியாழன்

வரவில்லை.

காலை முதல் பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். கீழ்வீட்டு அம்மாவிடம் ஒரு சாவி இருந்தது. மேலே வந்து கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டாள்.

"உங்களுக்கு நிஜமாவே தெரியாதாம்மா?" என்றாள்.

"என்ன தெரியணும்?"

அவள் வாயால் சொல்லவில்லை. படுக்கையறைக் கதவைக் காட்டினாள். உள்பக்கத் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை. குளியலறைக் கதவிலும் நாலு ஆணித்துளை. அந்த வீட்டில் எந்தக் கதவையும் உள்ளேயிருந்து பூட்ட முடியாது. எத்தனை தடவை அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். திரைச்சீலைத் தையல் கோணல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். கதவைப் பார்க்கவில்லை.

கீழே வந்ததும் அந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்: "போன மாசம் விலாவுல அடி. மூச்சு விடவே கஷ்டப்பட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறேன்னேன், வேண்டாம்னுட்டா. அக்காவுக்காவது சொல்லுன்னேன். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

சொல்லக்கூடாது என்று. என்னிடம்.

ஏப்ரல் 5, வெள்ளி

அவள் உயிரோடு இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். கடவுளே.

காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. அனுப்பியது மாத்திரை. "உங்கள் தங்கை என் வீட்டில் இருக்கிறாள். பத்திரமாக இருக்கிறாள். திங்கட்கிழமை ராத்திரி ரயிலில் வந்தாள். டாக்டரிடம் காட்டியாயிற்று. இன்றைக்குத்தான் உங்களுக்குச் சொல்லலாம் என்றாள். அவளாகப் பேசும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து அழுதேன். பத்து நிமிடம்தான். அதற்கப்புறம் வந்தது கோபம், பொறாமை, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். யார் இந்த மாத்திரை? முகம்கூடப் பார்த்ததில்லை. இவள் வீட்டுக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகத் தெரிந்தவளுக்கு என் வீட்டுக்கு மூன்று மணி நேர பஸ் தெரியவில்லையா? முப்பத்தொரு வருஷம் தெரியும்டி எனக்கு உன்னை! யாரோ ஒருத்தி உனக்கு என்னைவிட எப்படி —

பிறகு குழுவைத் திறந்து மேலே மேலே போனேன். மார்ச் 18க்கு வந்து நின்றேன்.

அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நான்தான் எழுதியிருக்கிறேன். டாக்டருக்கும் ரெண்டு மாத்திரை எழுதிக் கொடுங்க, பாவம் கை வலிக்கும். அதையும் நான்தான். விலாவில் அடியோடு அதைப் படித்து அதற்கு ஒரு இதயம் போட்டிருக்கிறாள். என்ன நினைத்துப் போட்டிருப்பாள்? போடாவிட்டால் அக்காவுக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்திருப்பாள்.

நான் அவளை அடிக்கவில்லை. ஆனால் அவள் வந்து நிற்க வேண்டிய வாசலை நாலாயிரம் பேர் முன்னால் நானே அடைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பார்க்கவில்லை. குழுவில் "கத்தரி எங்கே, கத்தரி எங்கே" என்று கேட்கிறார்கள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மாத்திரையோடு போனில் பேசினேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும் குரலுக்கு. கொஞ்சம் கரகரப்பு. நடு நடுவே கடைக்கு வருகிறவர்களுக்கு "காலையில ஒண்ணு, சாப்பிட்ட அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே பேசினாள்.

மார்ச் 18 அன்றைக்கே சின்னு அவளுக்குத் தனியாக எழுதினாளாம். வணக்கம்கூட இல்லாமல் ஒரே வரி: "டிக்கெட்டுக்கு விலாவில் வலி இருந்தால், மூச்சு இழுக்கும்போது குத்தினால், எந்த மாத்திரை போடலாம்?"

"எனக்கு உடனே புரிஞ்சு போச்சும்மா" என்றாள். "நாடகத்துல அவளுக்கு அடி பட்டது கையில. விலாவுல இல்ல."

புரிந்தும், நீ யார், என்ன நடந்தது என்று கேட்கவில்லை. டிக்கெட் உடனே எக்ஸ்ரே எடுக்கணும், முடியாவிட்டால் இந்த மாத்திரை, இத்தனை வேளை, மூச்சு திணறினால் காத்திருக்கக் கூடாது என்று பதில் போட்டாள். மறுநாள் இன்னொரு கேள்வி வந்தது. டிக்கெட் அடையாள அட்டையை எங்கே ஒளித்து வைக்கலாம்? அரிசி டப்பாவின் அடியில். டிக்கெட் எந்த நேரத்தில் கிளம்பினால் நல்லது? அவன் வேலைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து, பெட்டி எடுக்காமல், காய்கறிப் பையோடு. இப்படியே இரண்டு வாரம். அவன் போனைப் பார்த்தாலும் இரண்டு பெண்கள் நாடகக் கதை பேசுகிறார்கள், அவ்வளவுதான். குழுவிலிருந்து விலகச் சொல்லி அவன் கட்டாயப்படுத்திய பிறகு, கீழ்வீட்டு அம்மா போனிலிருந்து இரண்டு தடவை பேசியிருக்கிறாள். அப்போதும் "டிக்கெட்" என்றுதான். "நான்" என்று சொன்னதே இல்லையாம், ரயிலை விட்டு இறங்கும்வரை.

"கடைசியா ஒண்ணு கேட்டா. டிக்கெட் அக்கா வீட்டுக்குப் போகலேன்னா வேற எங்க போவான்னு. நான் என் வீட்டு விலாசத்தை அனுப்பினேன்."

பிறகு அவளே சொன்னாள்: "உங்களைக் குத்திக்காட்டச் சொல்லலம்மா. கேட்டீங்க, சொன்னேன்."

நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். "சரி சரி, கடையில ஆள் நிக்குது" என்றாள்.

ஏப்ரல் 13, சனி

போனேன். சின்னு வரச் சொன்னாள், போனேன்.

கீழே மருந்துக்கடை, மேலே வீடு. மாடியறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, கதவில் பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். மாத்திரை அக்காவே மாட்டிக் கொடுத்திருக்கிறாள். சின்னு இளைத்திருந்தாள். முழங்கைக்குக் கீழே மஞ்சளாக ஆறிக்கொண்டிருக்கும் அடையாளம். ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன், ஒன்றும் கேட்கக்கூடாது, ஒன்றும் கேட்கக்கூடாது என்று. அவளைப் பார்த்ததும் கட்டிக்கொண்டேன். அழுதேன். அப்புறம் இந்த வாய் —

"ஏன்டி, இத்தனை நாள் —"

பாதியில் நிறுத்தினேன். நிறுத்தி என்ன? அவள் என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். கோபச் சிரிப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"முதல் கேள்வியே அதுதான்னு சொன்னேல்ல."

"தப்புடி. தப்பு. நான் ஏதோ நாடகத்துக்காக —"

"தெரியும்க்கா. எனக்கு உன் மேல கோவம் இல்ல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு தடவை உன் வீட்டுக்குத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். அவன் முன்னாடி கேவலப்பட்டு நின்னது பழகிப் போச்சு. உன் முன்னாடி முட்டாளா நிக்க என்னால முடியலக்கா. நீ என்னை அப்படி வளர்க்கலையே."

என்னோடு வா என்றேன். வரமாட்டாள். இந்தத் தடவை வீம்பில்லை, யோசித்துச் சொன்னாள். அவன் முதலில் தேடி வருவது என் வீட்டுக்குத்தான். இங்கே வக்கீல் ஒருவரைப் பார்த்தாயிற்று. கடையில் உதவிக்கு இருக்கப் போகிறாளாம். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். கீழே மாத்திரை அக்கா மூன்று பேருக்கும் டீ போட்டு, யாரையும் கூப்பிடாமல் மூடி வைத்திருந்தாள்.

வரும்போது சின்னு ஸ்டேஷன்வரை வரவில்லை. வெளியே வர இன்னும் பயமாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

அவன் வந்தான். கதவைத் தட்டினான், எட்டி உதைத்தான். எதிர்வீட்டுக்காரர்கள் கூடியதும் குரலை இதமாக்கிக்கொண்டு "அக்கா, பேசணும்" என்றான். "போலீஸுக்குச் சொல்லியாச்சு, இங்கேயே நில்லு" என்றேன். போய்விட்டான். அரை மணி நேரம் தாழ்ப்பாளில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. சின்னுவுக்கு இது நாலு வருஷம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நாடகம் முடிந்ததாம். ஒரு வருடம் கழித்து என்று போட்டு, டிக்கெட் சிரித்துக்கொண்டு படகில் நிற்கிறாளாம், படகுக்காரன் மோதிரத்தோடு வருகிறானாம். அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்று காட்டவில்லை என்று ஒரு கட்சி, காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று இன்னொரு கட்சி. "கத்தரி வந்து தீர்ப்பு சொல்லட்டும்" என்று எழுதியிருந்தார்கள்.

நான் எழுதினேன்: "டிக்கெட்டைப் பற்றி மார்ச் 18 அன்று நான் எழுதியது தவறு. அவளைப் போன்ற ஒருத்தி அதைப் படித்தாள். படித்துவிட்டு, வர வேண்டிய இடத்துக்கு வராமல் போனாள். உங்களில் இன்னும் யாராவது அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தால், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."

எட்டு பேர்தான் இதயம் போட்டார்கள். நாலு பேர் தனியாக எழுதினார்கள். நாலு பேரும் தங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டிக்கெட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். நால்வருக்கும் மாத்திரை அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். எனக்கு இன்னும் அந்தத் தகுதி வரவில்லை.

மே 4, சனி

"நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டேன். "இந்த வாரம் வேணாம்க்கா" என்றாள். சரி என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்று இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

மே 12, ஞாயிறு

மூன்று நிமிடம் பேசினாள். கடையில் சீட்டைப் படித்து மருந்து எடுக்கப் பழகிவிட்டாளாம்.

மே 21, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் அவளே கூப்பிட்டாள். அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் மாடிப்படிப் பக்கம் போய் நின்றேன். நலம் விசாரித்தாள். பிறகு, கேட்காமலே, சொல்ல ஆரம்பித்தாள்.

"முதல் தடவை எப்பன்னு உனக்குத் தெரியாதில்ல. கல்யாணமாகி ரெண்டாவது மாசம். நீ வந்திருந்தே. ஹால்ல உக்காந்து அவரைப் புகழ்ந்துட்டு இருந்தே, உன் பையைக் கீழேர்ந்து அவரே தூக்கிட்டு வந்தார்னு. டீ கொண்டுவர லேட்டாயிடுச்சு. சமையலறைக்கு வந்து கையை முறுக்கினார். சத்தம் வரல, நான் துணியைக் கடிச்சுக்கிட்டேன். அப்புறம் இன்னொரு கையால தட்டைத் தூக்கிட்டு வந்தேன். நீ சிரிச்சே. என்னடி, ஒத்தைக் கையில தூக்கிட்டு வரே, ஹோட்டல்ல வேலை பழகறியான்னு கேட்டே. அவரும் சிரிச்சார். நானும் சிரிச்சேன்."

ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேலியும் ஞாபகம் இருக்கிறது, எல்லாரும் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. தொண்டைவரை வந்தது, ஏன்டி அப்பவே, அந்த நிமிஷமே, நான் அங்கதானே இருந்தேன் —

"ம்" என்றேன்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

"இன்னும் சொல்லவா?"

"சொல்லு."

மணி அடித்து எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். நான் போகவில்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.